திதிமணி எங்கும் போகவில்லை

சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பவானிபூரில் அந்தச் சந்தின் பால்கனிகளில் எல்லாம் புடவையும் துண்டும் பள்ளிக்கூடச் சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன. சீதாராமன் வீட்டு பால்கனியில் மட்டும் பொன்னாடைகள் காய்ந்தன. சிவப்பு, பச்சை, ஊதா என்று ஜரிகைக் கரை போட்ட சால்வைகள் வரிசையாகத் தொங்க, அந்துருண்டை வாசனை எதிர்வீடு வரைக்கும் போயிற்று.

தெருவே மாஷிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி மாமி ஜன்னலைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வங்காளியில் கேட்டாள். "என்ன சீதாராம் பாபு, காஷ்மீர் சால்வைக்காரன்கூட மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். நீங்கள் இன்னும் கடை பரப்பியிருக்கிறீர்களே."

சீதாராமன் சிரித்து மழுப்பினார். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டனார் காலத்திலிருந்தே கல்கத்தாவாசி. பவானிபூர் தமிழ் அன்பர் மன்றத்தின் செயலாளர். மன்றத்தின் பொன்னாடைகள் அவர் வீட்டு இரும்பு பீரோவில்தான் வாசம் செய்தன.

அந்தப் பொன்னாடைகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அவை யாரிடமும் தங்குவதில்லை. கல்கத்தாப் புழுக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேர யாருக்கும் தெம்பு கிடையாது. மேடையில் போட்டோ எடுத்து முடிந்ததும், கௌரவிக்கப்பட்டவர் படியிறங்கும்போதே அதை மடித்துச் செயலாளர் கையில் கொடுத்துவிடுவார். அடுத்த மாதம் அதே சால்வை அடுத்தவர் தோளுக்குப் போகும். பச்சைச் சால்வையில் காப்பிக் கறை ஒன்று இருந்தது. அது தன் பங்குக்கு வந்தால் கறையை உட்பக்கம் தள்ளிப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பது மன்றத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அன்றைக்கு சீதாராமனுக்குப் பெரிய கவலை ஒன்று வந்திருந்தது. பாராட்டுவதற்கு ஆள் தீர்ந்துவிட்டது. மன்றத்தில் உயிரோடு இருந்த எல்லோரையும் பாராட்டியாயிற்று. மைக் செட்காரரைப் பாராட்டியாயிற்று. ஒருவரை மறதியாக இரண்டாம் தடவையும் பாராட்டிவிட்டார்கள். அவரும் ஒன்றும் தெரியாதவர்போல வந்து வாங்கிக்கொண்டு போனார்.

"அடுத்த மாச ஃபங்ஷனுக்கு யாரைப் பிடிக்கறதுன்னே தெரியலைடி" என்றார் மனைவியிடம்.

வித்யாலக்ஷ்மி கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "பேசாம என்னைப் பாராட்டுங்கோ. வருஷக்கணக்கா இந்த அந்துருண்டை வாசனையில குடித்தனம் பண்றேன்."

"விளையாடாதே."

"நான் எங்கே விளையாடறேன்? சரி, நம்ம தெருமுனையில இட்லி வண்டி போட்டிருக்காளே ரோஹிணி, அவ பொண்ணு காமு படிக்கற கார்ப்பரேஷன் ஸ்கூல்ல ஒரு தமிழ் டீச்சர் இருக்காளாம். சௌந்தரம்னு பேர். அந்தக் குடிசைப் பஸ்திக்குள்ள தினம் காத்தால கைமணியை ஆட்டிண்டு வாசல் வாசலா போய்க் குழந்தைகளைக் கூட்டிண்டு வராளாம். பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா யாரும் வரதில்லையாம், அதனால மணியையே வீட்டுக்குக் கொண்டுபோறா."

சீதாராமன் முகத்தில் வெளிச்சம் வந்தது. குழந்தைகளை நினைத்தோ அந்த ஆசிரியையை நினைத்தோ வந்த வெளிச்சம் இல்லை. இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தாத ஒரு தோள் இதே பேட்டையில் இருக்கிறது என்ற ஆனந்தம்தான் அது.

மறுநாளே கிளம்பிவிட்டார். இட்லி வண்டியைத் தாண்டி, மீன் கடைகளைத் தாண்டி, கால்வாய் ஓரம் போகும் சந்துக்குள் நுழைந்தால் பஸ்தி. தகரக் கூரைகளுக்கு நடுவே மஞ்சள் சுண்ணாம்பு அடித்த இரண்டு அறைக் கட்டடம்தான் பள்ளிக்கூடம். வங்காளிப் பிள்ளைகளும் பீகார்ப் பிள்ளைகளும் இரண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகளுமாக ஒரே அறையில் எல்லா வகுப்புகளும் நடந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் எழுத்துகள், இன்னொரு மூலையில் வாய்ப்பாடு. இரண்டுக்கும் நடுவில் சுழன்றுகொண்டிருந்தாள் சௌந்தரம். ஐம்பதைத் தாண்டிய வயது. பருத்திப் புடவை, கை விரல் எல்லாம் சாக்பீஸ்.

காரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். வங்காளிப் பிள்ளைகள் வாயில் சௌந்தரம் நுழையவில்லை. அதைச் சுருக்கி 'சுந்தர் திதிமணி' ஆக்கிவிட்டார்கள். வங்காளியில் திதிமணி என்றால் டீச்சரம்மா, சுந்தர் என்றால் அழகு. அழகு டீச்சர் என்று தன்னை ஒரு பேட்டையே கூப்பிடுவதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

"தமிழ் அன்பர் மன்றத்துலேர்ந்து வரேன்" என்று சீதாராமன் ஆரம்பித்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா, வந்துட்டீங்களா சார். போன் பண்ணிச் சொல்லி எவ்வளவு நாளாச்சு. கணக்கு சொல்லித்தர்றதுக்கு தினம் ஒரு மணி நேரம் யாராவது ஒருத்தரை அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன். பேங்க்ல இருந்தவரா? ரொம்ப நல்லதாப் போச்சு. அந்த மூலையில மூணாம் கிளாஸ். வகுத்தல்ல நிக்குது."

சீதாராமன் திடுக்கிட்டார். அப்படி ஒரு போன் வந்தது அவருக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. பொதுக்குழுவில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். "இல்லை இல்லை, நான் அதைவிடப் பெரிய விஷயமா வந்திருக்கேன். உங்களைக் கௌரவிக்கப் போறோம். பொன்னாடை, மாலை, கேடயம் எல்லாம் உண்டு."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. "சால்வையா சார்? இந்த வெயில்லயா?"

"மரியாதைக்கு வெயில் ஏது மழை ஏது?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "சார், என்கூட இருந்த இன்னொரு டீச்சர் மாத்தலாகிப் போயிட்டாங்க. நான் ஒண்டி ஆளு. பிள்ளைங்க குறைஞ்சுக்கிட்டே வருது. ஆபீஸ்ல இருந்து தலை எண்ண வரப்போறாங்க. அன்னைக்குப் பிள்ளைங்க குறைச்சலா இருந்தா இந்த ஸ்கூலை மெயின் ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஸ்கூலோட சேர்த்துடுவாங்க. அந்த ரோட்டுல பஸ் போற வேகத்துல இந்தப் பொடிசுங்க எப்படிக் கடக்கும்? பாதிப் பேர் படிப்பையே விட்டுடும். எனக்கு அது ஒண்ணுதான் ராத்திரி பகலா ஓடுது."

"எந்தத் தேதியில வரா?"

அவள் சொன்னாள். சீதாராமன் தொடையில் தட்டினார். "எங்க ஃபங்ஷனுக்கு அடுத்த நாள் திங்கக்கிழமை. பார்த்தேளா, தெய்வச் செயல். பஸ்தி ஜனங்களை எல்லாம் கூப்பிட்டுடறோம். ஹாலும் நிறையும். நீங்க மைக்ல ரெண்டு வார்த்தை பேசி, எல்லாரும் நாளைக்குக் குழந்தைகளை அனுப்புங்கோன்னு சொல்லிடுங்கோ."

அது சௌந்தரத்துக்கு நியாயமாகப் பட்டது. அந்த ரெண்டு வார்த்தைக்காக ஒரு சால்வையைத் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டாள். மூணாம் வகுப்பு மூலையைப் பார்க்காமல் சீதாராமன் வேகமாக வெளியே வந்துவிட்டார்.

பஸ்தி ஜனங்கள் வரவேண்டுமானால் வங்காளியில் ஒரு பேனர் வேண்டும். இங்கேதான் சீதாராமன் யாருக்கும் சொல்லாத ஒரு சங்கடம் குறுக்கே வந்தது. வங்காளியில் அவர் மீன்காரனோடு சண்டை போடுவார், பேரம் பேசுவார், சிரிக்கச் சிரிக்க ஜோக் அடிப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் வராது. படித்தது தென்னிந்தியர் பள்ளி, வேலை பார்த்தது இங்கிலீஷில். பஸ்ஸில் ஊர்ப் பெயரைக்கூட நம்பரை வைத்துத்தான் ஊகிப்பார். பிறந்து வளர்ந்த ஊரின் எழுத்து தெரியாது என்பதை இத்தனை காலமும் மூக்குக் கண்ணாடியின் மேல் பழி போட்டே சமாளித்து வந்திருக்கிறார்.

ஆகவே வேலை மகள் தீப்தியிடம் போயிற்று. அவள் சால்ட் லேக்கில் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள். வங்காளியில் கனவு காண்பவள். தமிழை எழுத்து எழுத்தாகத் தடவித் தடவிப் படிப்பாள். சீதாராமன் தமிழில் ஒரு வாசகம் எழுதி அவள் போனுக்கு அனுப்பினார். 'நிறைவான பணி கண்ட நல்லாசிரியை சௌந்தரம் அவர்களுக்குப் பாராட்டு விழா.' அந்த 'நிறைவான பணி' என்ற சொல்லில் அவருக்கே ஒரு மயக்கம்.

மதியம் ஆபீஸிலிருந்து தீப்தி கூப்பிட்டாள். "அப்பா, எனக்கு இப்ப மீட்டிங் இருக்கு, சட்டுனு சொல்லு. நிறைவான பணின்னா வேலை நிறைஞ்சு போச்சுன்னுதானே?"

"ஆமாம்மா. நிறைஞ்சு வழியறது."

"உனக்கு பேங்க்ல பண்ணினாளே, பணி நிறைவு விழான்னு. மாலை, சால்வை, கடிகாரம் எல்லாம் குடுத்து. அந்த மாதிரிதானே?"

"அதைவிட கிராண்டா."

"டீக் ஆச்சே, சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள் தீப்தி. அப்பாவுக்குப் பணி நிறைவு என்றால் என்ன என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மறுநாள் முதல் அவர் வேலைக்குப் போகவில்லை. ஆகவே வங்காளியில் சுத்தமாக, அழகாக எழுதிக் கொடுத்துவிட்டாள். 'சுந்தர் திதிமணிக்கு பிதாய் சம்பர்தனா.' பிதாய் என்றால் பிரியாவிடை. வழியனுப்பு விழா.

சனிக்கிழமை காலையில் அந்த பேனரைப் பஸ்தி வாசலில் ஒன்றும், விழா நடக்கும் ஹால் வாசலில் ஒன்றுமாகக் கட்டினார்கள். சீதாராமன் தள்ளி நின்று பார்த்தார். கொட்டை எழுத்து. ஒரு அட்சரம் புரியவில்லை. "பிரமாதமா வந்திருக்கு" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சனிக்கிழமை மட்டும் லீவு. ஜாதவ்பூரில் தன் வீட்டில் இருந்த சௌந்தரம் பேனரைப் பார்க்கவில்லை. பார்த்தது பஸ்தி.

அன்று சாயங்காலம் சீதாராமன் இட்லி வண்டிப் பக்கம் போனபோது ரோஹிணி சட்னியைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். சேலத்துப் பக்கத்துப் பெண். கண் சிவந்திருந்தது.

"சார், டீச்சர அனுப்பி வெக்கிறீங்களாமே?"

சீதாராமன் வேறு நினைப்பில் இருந்தார். விழா முடிந்ததும் சௌந்தரத்தை வீட்டுக்கு அனுப்ப டாக்ஸி சொன்னோமா என்பதுதான் அந்த நினைப்பு. "பின்னே? எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. டாக்ஸியிலதான் அனுப்பறோம். பஸ்லயா போகச் சொல்லுவோம்?"

"அப்பறம் திரும்பி வர மாட்டாங்களா?"

"எதுக்குத் திரும்பி வரணும்? உழைச்சுக் களைச்ச உடம்பு. போய் நிம்மதியா தூங்கட்டுமே."

ரோஹிணி கரண்டியைக் கீழே வைத்தாள். "இவ்வளவு நாள் எங்க புள்ளைங்களுக்குப் பாடுபட்டவங்கள... உங்களுக்கு மனசு வருதா சார்?"

"மனசு நிறைஞ்சுதான் பண்றோம்மா. நீயும் நாளைக்குக் கட்டாயம் வந்துடு, எல்லாரையும் கூட்டிண்டு வா" என்று சொல்லிவிட்டு, இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக நடந்தார். ஏழை ஜனங்களுக்கு ஆசிரியர் மேல் எவ்வளவு பாசம் என்று வீட்டில் வித்யாலக்ஷ்மியிடம் சொல்லி உருகவும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை விழா. ஹாலில் மின்விசிறிகள் அனலைக் கலக்கிக்கொண்டிருந்தன. மேடையில் நாற்காலிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. முதலில் மன்றத் தலைவர் நாகரத்தினத்துக்குப் பொன்னாடை. அவர் துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். பிறகு துணைத் தலைவருக்கு, பொருளாளருக்கு, ஹால் இலவசமாகக் கொடுத்தவருக்கு, அவரை அழைத்து வந்தவருக்கு என்று பொன்னாடைகள் பறந்தன. கௌரவிக்கப்பட வேண்டிய சௌந்தரம், கூட்டத்தைத் தவிர்க்கப் பின்வாசல் வழியாக வந்ததால் வாசல் பேனரைப் பார்க்காமலே, மேடையின் கோடி நாற்காலியில், விசிறிக் காற்று எட்டாத இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்தபோது மிஞ்சியிருந்தது காப்பிக் கறை போட்ட பச்சைச் சால்வைதான்.

பஸ்தி ஜனங்கள் திரளாக வந்திருந்தார்கள். ஹால் நிரம்பி வாசற்படி வரைக்கும் நின்றார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி சந்தேஷ் இனிப்பு டப்பாவை மார்போடு அணைத்து விசும்பினாள். மன்றத்தின் வரலாற்றில் ஒரு விழாவுக்கு யாரும் கண்ணீர் விட்டதில்லை. சீதாராமன் பூரித்துப் போனார்.

நாகரத்தினம் மைக்கைப் பிடித்தார். அவருக்கு வங்காளி நன்றாகப் படிக்க வரும். உள்ளே நுழையும்போது வாசல் பேனரைப் படித்திருந்தார். படித்ததும், தயார் செய்து வைத்திருந்த பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டார்.

"அம்மா இவ்வளவு நாள் ஓடினது போதும். இனிமே பேரன் பேத்தியைப் பார்த்துக்கிட்டு, பூரி ஜகன்னாதரைப் பார்த்துட்டு, கையக் கால நீட்டி ரெஸ்ட் எடுக்கணும். பென்ஷனை மட்டும் பத்திரமாப் பார்த்துக்குங்க. பிள்ளைங்க கேட்டா குடுத்துடாதீங்க."

சௌந்தரம் எழுந்து நின்றாள். சால்வை நழுவியது. "சார், நான் எங்க போறேன்னு எனக்கே தெரியலை. கொஞ்சம் விவரமாச் சொல்றீங்களா?"

ஹாலில் ஒரு சலசலப்பு. கூட்டத்துக்கு நடுவில் ரோஹிணி எழுந்தாள். "மறைக்காதீங்க டீச்சர். நாங்க அழுவோம்னுதானே எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம போறீங்க? நீங்களே இல்லாத பள்ளிக்கூடத்துல எங்க புள்ளைங்க யாருகிட்ட படிக்கும்? பஸ்தியில எல்லாரும் கூடிப் பேசிட்டோம். நாளைக்குக் காலையில அத்தன பேரும் புள்ளைங்களக் கூட்டிட்டு மெயின் ரோட்டு இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போறோம். கடன உடன வாங்கியாச்சும் சேத்துடறோம்."

"நாளைக்கா?" சௌந்தரம் மேடை விளிம்புக்கு வந்தாள். "நாளைக்குத்தானேம்மா தலை எண்ண வர்றாங்க. நான் போறேன்னு உனக்கு யார் சொன்னது?"

"சார்தான் சொன்னாரு. டாக்ஸியில அனுப்பிடுவோம், திரும்பி வரவேண்டாம்னு."

ஹால் முழுக்க சீதாராமனைத் திரும்பிப் பார்த்தது. அவர் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். "நான் வீட்டுக்கு அனுப்பறதைன்னா சொன்னேன்."

"வாசல்ல கொட்டை எழுத்துல பிதாய்னு போட்டிருக்கே, அதுவும் நீங்க கட்டினதுதானே சார்? கட்டறப்ப படிச்சுப் பாக்கலியா?" என்றாள் ரோஹிணி.

அவர் கை மூக்குக் கண்ணாடிக்குப் போயிற்று. வழக்கமான சாக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே சௌந்தரம் நின்ற நிலையைப் பார்த்ததும் அந்தச் சாக்கு வெளியே வர மறுத்தது. "எனக்கு வங்காளி படிக்கத் தெரியாது" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

முன்வரிசையிலிருந்து தீப்தி எழுந்து வந்தாள். "அப்பா, என் மேலதான் தப்பு. வேலை நிறைஞ்சு போச்சான்னு கேட்டேன், வழியறதுன்னு சொன்னே. உன் ஃபங்ஷன் மாதிரியான்னு கேட்டேன், அதைவிட கிராண்டான்னு சொன்னே. அதான் ரிடையர் பண்ணிட்டேன்."

மேடையில் முதலில் சிரித்தது நாகரத்தினம்தான். அப்புறம் ஹாலே சிரித்தது. வங்காளியில் யாரோ மொழிபெயர்க்க, பின்வரிசைக்கும் சிரிப்பு பரவியது. சௌந்தரம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மைக்கை வாங்கி, நான் எங்கும் போகவில்லை, நாளைக்குக் குழந்தைகளை அனுப்புங்கள் என்று வங்காளியில் சொன்னாள். சந்தேஷ் டப்பாக்காரி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை. அழவேண்டாம் என்பதற்காகப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதலாகவே அவள் அதை எடுத்துக்கொண்டாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

சௌந்தரம் தோளிலிருந்து பச்சைச் சால்வையை எடுத்து மடித்தாள். கறை மேலே தெரிந்தது.

"பார்த்தீங்களா சார், நம்பமாட்டேங்குறாங்க. தப்பு பேனர்ல மட்டும் இல்லை. மாலை போட்டு, சால்வை போர்த்தி, உட்கார வெச்சுப் பேசினா, இந்த ஆள் போயிடப் போறாங்கன்னுதான் யாருக்கும் தோணும். வேலை செஞ்சுக்கிட்டிருக்கிற மனுஷங்க பக்கம் நாம எப்ப திரும்பிப் பார்த்திருக்கோம்? போகும்போதுதான் போர்த்தறோம்." மடித்த சால்வையை அவர் கையில் வைத்தாள். "நான் ஒரு ஆள் கேட்டேன் சார். நீங்க சால்வை கொண்டுவந்தீங்க."

சிரிப்பு அடங்கிவிட்டது. சீதாராமன் தலை குனிந்து நின்றார். ஓய்வு பெற்ற நாளில் தனக்குப் போர்த்தப்பட்ட சால்வை அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்கு அப்புறம் அந்த வங்கியிலிருந்து ஒருவரும் அவரைக் கூப்பிட்டுப் பேசியதில்லை. அந்த வெறுமையை மூடத்தான் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் போர்த்திக்கொண்டு திரிகிறோமோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

"இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லுங்கோ" என்றார்.

சௌந்தரம் தன் பைக்குள் கைவிட்டு அந்தப் பித்தளைக் கைமணியை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் வைத்தால் காணாமல் போய்விடும் என்று எங்கே போனாலும் பையிலேயே வைத்திருப்பாள். "நீங்க பரப்பின சேதியை நீங்கதான் சார் திரும்ப வாங்கணும். நாளைக்குக் காலையில இதை எடுத்துக்கிட்டு வாசல் வாசலாப் போங்க."

திங்கட்கிழமை காலையில் பஸ்தி ஒரு அதிசயத்தைப் பார்த்தது. ஜரிகை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் கைமணியைக் கோயில் பூசாரிபோல் ஆட்டிக்கொண்டு சந்துக்குள் வந்தார். "திதிமணி ஜாச்சேன் நா, திதிமணி ஜாச்சேன் நா" என்று தொண்டை கிழியக் கத்தினார். டீச்சரம்மா போகவில்லை என்று அர்த்தம். ஒரு வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பயந்துபோய்ப் பிரஷ்ஷோடு உள்ளே ஓடினார். ஒரு கிழவர், இந்த வேட்டிக்காரர் எந்தக் கட்சி என்று விசாரித்தார். அரைநாள் லீவு போட்ட தீப்தி பின்னாலேயே போய், கதவைத் திறந்தவர்களிடம் நடந்ததை எல்லாம் சொல்லி, ரிடையர் பண்ணினவள் நான்தான் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ரோஹிணி வீட்டு வாசலில் காமு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போக எண்ணெய் வழியத் தலைவாரி நின்றாள். ரோஹிணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சீதாராமனை மேலும் கீழும் பார்த்தாள்.

"முந்தாநேத்து போறாங்கன்னீங்க, இன்னைக்கு போகலங்கறீங்க. எதை சார் நான் நம்பறது?"

"நான் சொல்றதை நம்பாதே. என் கையில இருக்கற மணியை நம்பு. போறவா தன் மணியைக் குடுத்து அனுப்புவாளா? அவ அங்கே வாசல்லயே நிக்கறா, வந்து பாரு. இனிமே அவ ஒண்டி ஆள் இல்லை, கணக்கு நான் சொல்லித்தரேன்."

ரோஹிணி மணியைப் பார்த்தாள். பஸ்திக்கே பழகிய மணி அது. காமுவின் கையைப் பிடித்து அவரிடம் கொடுத்தாள். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. சந்தேஷ் டப்பாக்காரி தன் இரட்டைப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தாள். சந்து திரும்பும்போது சீதாராமனுக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது.

தலை எண்ண வந்த அதிகாரி அறைக்குள் நிற்க இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியிலிருந்து எண்ணினார். எண்ணிக்கொண்டே வந்தவர் முதல் வகுப்பு மூலையில் சாக்பீஸும் சிலேட்டுமாகத் தரையில் உட்கார்ந்திருந்த சீதாராமனைப் பார்த்து நிறுத்தினார்.

"இவர் யார்?"

"புதுசா வந்தவர்" என்றாள் சௌந்தரம். "கணக்குல வாத்தியார். வங்காளி எழுத்துல ஒண்ணாம் கிளாஸ்."

காமு அவர் சிலேட்டை எட்டிப் பார்த்து, 'க' வுக்குக் கொம்பு அந்தப் பக்கம் இல்லை என்று வங்காளியில் அதட்டினாள். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளைகள் போதும், பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். சௌந்தரம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்பது வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சீதாராமனுக்குத் தெரிந்தது. அவரும் சிலேட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த மாதம் முழுக்க சீதாராமன் வீட்டு பால்கனியில் அந்துருண்டை வாசனை அடிக்கவில்லை. பொன்னாடைகளை எல்லாம் வித்யாலக்ஷ்மி ஒன்றோடு ஒன்று தைத்துப் பெரிய திரையாக்கிவிட்டாள். ஒரே அறையில் நடக்கும் வகுப்புகளுக்கு நடுவே அது தடுப்பாகத் தொங்கியது. தினமும் காலையில் மணியை ஆட்டிக்கொண்டு போவது சீதாராமன் வேலையாகிவிட்டது. சௌந்தரம் அந்த நேரத்தில் எழுத்துகளை ஆரம்பித்துவிடுவாள். தீப்தி சனிக்கிழமைகளில் வந்து கதை சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீதாராமன் பால்கனியில் உட்கார்ந்து கைமணியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நாகரத்தினம் வந்தார். கையில் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிய ஒரு புத்தம்புதுப் பொட்டலம்.

"சீதாராமன், கமிட்டி கூடி முடிவு பண்ணிட்டோம். பஸ்தியில நீங்க செய்யற சேவைக்கு ஒரு பாராட்டு விழா. மேடையில நீங்கதான் நடுநாயகம். பாருங்க, ஒரிஜினல் பட்டு. கறை கிடையாது."

எதிர் ஜன்னலில் மாஷிமா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வித்யாலக்ஷ்மி சமையலறை வாசலில் வந்து நின்று கணவர் முகத்தையே பார்த்தாள். சீதாராமன் பொட்டலத்தின் ஜரிகைக் கரையை விரலால் தடவிப் பார்த்தார். நல்ல பட்டுதான். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

அப்புறம் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தேய்த்த மணியை எடுத்து நாகரத்தினத்தின் கையில் வைத்தார்.

"போர்த்தறதுக்கு ஒரு நிமிஷம் போறும் சார், அதோட நம்ம கடமை முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு வந்துடறோம். நல்லது செய்யறவாளை மதிக்கறதுன்னா அவா வேலையில ஒரு கை குடுக்கறது. எனக்கு நாளையிலேர்ந்து ரெண்டு நாள் தொண்டை கட்டிண்டிருக்கும்னு நினைக்கறேன். காத்தால ஏழு மணிக்கு பஸ்தி வாசல்ல வந்து நில்லுங்கோ. வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிண்டு வாங்கோ, அங்கே சேறு ஜாஸ்தி."